7 ஜிபி மரம், 43 ஜிபி நகல்: சிம்லிங்க்குகள் நகலெடுப்பில் சிக்கும் விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கான கோப்பு மரத்தை எந்த லினக்ஸ் கணினியிலும் சில நிமிடங்களில் கட்டிப் பார்க்கலாம். ‘/தளம்’ என்ற கோப்புறைக்குள் மூன்று பெயர்கள் இருக்கின்றன. ‘வெளியீடுகள்’ கோப்புறைக்குள் 1 முதல் 5 வரை ஐந்து வெளியீடுகள், ஒவ்வொன்றிலும் 200 எம்பி நிரல். ‘பொது’ கோப்புறைக்குள் 6 ஜிபி அளவுக்குப் பயனர்கள் ஏற்றிய படங்கள், ஓர் அமைப்புக் கோப்பு, தற்காலிகக் கோப்புகளுக்கு ஒரு கோப்புறை. மூன்றாவது பெயரான ‘நடப்பு’ கோப்புறையே அல்ல, ‘வெளியீடுகள்/5’ என்று காட்டும் சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தின் பாதையை மட்டும் சுமக்கும் சிறு கோப்பு. வலை சர்வர் எப்போதும் ‘/தளம்/நடப்பு’ வழியாகத்தான் நிரலைப் படிக்கும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்குள்ளும் மூன்று சிம்லிங்க்குகள். ‘பதிவேற்றங்கள்’ என்பது ‘../../பொது/பதிவேற்றங்கள்’ என்ற சார்புப் பாதையை, அதாவது லிங்க் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையைக் காட்டுகிறது. ‘அமைப்பு’, ‘தற்காலிகம்’ இரண்டும் ‘/தளம்/பொது/...’ என்று உச்சியான ‘/’இலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் காட்டுகின்றன. ஆக ஐந்து வெளியீடுகளில் 15, ‘நடப்பு’ ஒன்று, மொத்தம் 16 லிங்க்குகள். வட்டில் உண்மையில் இருக்கும் தரவு 6 ஜிபியும் ஐந்து 200 எம்பியும் சேர்ந்து 7 ஜிபி.

பழைய வெளியீட்டுக்கு உடனே திரும்பவும், படங்களை ஒரே இடத்தில் வைக்கவும் உதவுகிற இந்த அமைப்பு பல சர்வர்களில் உண்டு. இரவு பேக்கப்புக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், மரத்தை முழுதாக நகலெடுக்கும் ‘ஷூட்டில்.காப்பிட்ரீ’யை அழைக்கிறது. கூடுதல் ஆப்ஷன் எதுவும் தரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. காலையில் பார்த்தால் பேக்கப் வட்டில் 43.2 ஜிபி உட்கார்ந்திருக்கிறது.

கணக்கு எங்கே வீங்கியது

காப்பிட்ரீயின் ‘சிம்லிங்க்ஸ்’ அளவுரு முன்னிருப்பாக ‘ஃபால்ஸ்’. பெயரைப் பார்த்தால் சிம்லிங்க்கே வேண்டாம், விட்டுவிடு என்று சொல்வதுபோல் தோன்றும். ஆனால் அதன் பொருள், லிங்க்கை லிங்க்காக வைக்காதே, அது காட்டும் பொருளை (கோப்பை அல்லது கோப்புறையை) நகலெடு என்பது. அப்படியே செய்தால் ‘பொது’ 6 ஜிபி. ஒவ்வொரு வெளியீடும் 200 எம்பியோடு தன் ‘பதிவேற்றங்கள்’ வழியாகப் போய் இன்னொரு 6 ஜிபியை அள்ளிவருவதால் 6.2 ஜிபி, ஐந்துக்கும் 31. ‘நடப்பு’ மறுபடியும் ஐந்தாம் வெளியீட்டுக்குள் போவதால் இன்னொரு 6.2. கூட்டினால் 43.2. மூல மரத்தில் ‘டியூ’ கட்டளை 7 ஜிபிதான் காட்டும், ஏனென்றால் அது முன்னிருப்பாக லிங்க் வழியே போவதில்லை. அளவு பார்க்கும் கருவியும் நகலெடுக்கும் கருவியும் ஒரே மரத்தை வேறு வேறு கண்ணோடு பார்க்கின்றன.

இடம் வீணானது இதில் சின்ன விஷயம்தான். ‘ஃபைண்ட் . -டைப் எல்’ என்று எண்ணிப் பார்த்தால் மூலத்தில் 16 லிங்க், நகலில் பூஜ்யம். ஆறு ஜிபி படங்கள் ஏழு தனித்தனிக் கோப்புறைகளாகிவிட்டன, அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. கூடுதல் பைட்டுகளை அழித்துவிடலாம். தொலைந்த 16 உறவுகளை நகலிலிருந்து திரும்பக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ஒரு சிம்லிங்க்குக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு பாதையின் எழுத்துகள், அவ்வளவே. ‘நடப்பு’ லிங்க்கை, அதன் வழியே போகாமல் விவரம் தரும் ‘எல்ஸ்டாட்’ அழைப்பால் பார்த்தால் அளவு 35 பைட் என்று வரும். ‘வெளியீடுகள்’ என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 11, யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் 33. சாய்கோடும் 5-உம் சேர்த்தால் 35. இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பில் 60 பைட்டுக்குக் குறைவான பாதை, கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடுக்குள்ளேயே அடங்கிவிடும், தனித் தரவுத்தொகுதிகூடத் தேவையில்லை. எதைக் காட்டுகிறோம், அது இருக்கிறதா, கோப்பா கோப்புறையா என்பதெல்லாம் லிங்க்குக்குத் தெரியாது. யாராவது பாதையைத் திறக்கும் கணத்தில், லிங்க் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து இயங்குதளத்தின் மையமான கர்னல் அந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் கொள்கிறது. எழுத்துகளை மாற்றாமல் வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்தாலும் பொருள் மாறிவிடக்கூடும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறந்தவை.

மீட்டெடுத்த பிறகு வெளிவந்த கோளாறு

வீங்கிய பேக்கப்பை ஒருவர் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார், பிறகு சர்வர் வட்டு பழுதாகி அதிலிருந்தே மீட்டெடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். தளம் எழுந்து நிற்கும். படங்கள் தெரியும். முதல் பார்வைக்கு எல்லாம் சரி.

ஆனால் இப்போது ‘நடப்பு’ லிங்க் அல்ல, உண்மையான கோப்புறை. அடுத்த வெளியீடு வரும்போது ஸ்கிரிப்ட் வழக்கம்போல் லிங்க் உருவாக்கும் கட்டளையை ‘எல்என் -எஸ்எஃப்என் வெளியீடுகள்/6 நடப்பு’ என்று ஓட்டுகிறது. இந்த மூன்றெழுத்தில் ‘என்’ செய்வது, இலக்கு ஒரு கோப்புறையைக் காட்டும் லிங்க்காக இருந்தால் உள்ளே போகாமல் லிங்க்கையே மாற்று என்பது. இலக்கு நிஜக் கோப்புறை என்றால் அந்த ‘என்’னுக்கு வேலையே இல்லை. கட்டளை பேசாமல் உள்ளே போய் ‘நடப்பு/6’ என்ற புது லிங்க்கை உருவாக்கிவிட்டு 0 என்ற வெற்றிக் குறியோடு வெளியே வருகிறது. அந்த லிங்க் ‘நடப்பு’க்குள்ளிருந்து ‘வெளியீடுகள்/6’ஐத் தேடுவதால், அங்கே அது இல்லாமல் அறுந்த லிங்க். தளமோ பழைய ஐந்தாம் வெளியீட்டையே காட்டிக்கொண்டிருக்கிறது. பதிவில் ‘வெளியீடு முடிந்தது’ என்றுதான் இருக்கும்.

இதே வேலையை ‘நடப்பு.புது’ என்ற பெயரில் லிங்க் உருவாக்கி, ‘எம்வி’யைப் பேரெழுத்து ‘டி’ ஆப்ஷனோடு ஓட்டிப் பெயர் மாற்றியிருந்தால் கட்டளை அங்கேயே தோற்றிருக்கும். கோப்புறையின் மேல் கோப்புறையல்லாத ஒன்றை வைக்க ‘ரீநேம்’ அழைப்பு மறுத்துவிடும். லிங்க் மாறும் நொடியில் ‘நடப்பு’ என்ற பெயரே இல்லாத இடைவெளியும் இந்த வழியில் வராது. வெளியீட்டு ஸ்கிரிப்ட்டில் ‘எஸ்எஃப்என்’ இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. பேசாமல் வெற்றி சொல்லும் கட்டளையைவிடக் கத்தித் தோற்கும் கட்டளை பாதுகாப்பு.

படங்களின் நிலை இன்னும் மோசம். புதிதாக ஏற்றும் படம் ‘நடப்பு/பதிவேற்றங்கள்’ என்ற தனிக் கோப்புறைக்குள் விழுகிறது, ‘பொது’வுக்குப் போவதில்லை. யாராவது ‘நடப்பு’வைச் சரியாக்கி ஆறாம் வெளியீட்டுக்குத் திருப்பினால், மீட்டெடுத்த நாளிலிருந்து ஏற்றிய படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்துவிடும். அழியவில்லை, பழைய கோப்புறைக்குள் கிடக்கின்றன. அது புரியும்வரை பதற்றம்தான்.

‘லிங்க்கை லிங்க்காகவே எடு’ என்பது பாதி மருந்து

இதற்கு உடனே சொல்லப்படும் தீர்வு காப்பிட்ரீக்கு ‘சிம்லிங்க்ஸ்=ட்ரூ’ கொடுப்பது, அல்லது ‘சிபி -ஏ’, ‘ஆர்சிங்க் -ஏ’ என்ற நகல் கட்டளைகளைப் பயன்படுத்துவது. பேக்கப்புக்கு இதுவே சரி. 16 லிங்க்குகளும் எழுத்து மாறாமல் வந்து சேரும், அளவு 7 ஜிபி.

ஆனால் அதே கணினியில் சோதனைக்காக ‘/சோதனை’ என்று ஒரு நகல் எடுத்தால் கதை வேறு. சார்புப் பாதை லிங்க்குகள் நகலோடு நகர்ந்துவிடும். ‘/சோதனை/வெளியீடுகள்/5/பதிவேற்றங்கள்’ இரண்டு படி மேலேறி ‘/சோதனை/பொது’வுக்குள் சரியாகப் போகும். முழுப் பாதை லிங்க்குகள் அப்படியல்ல. ‘/சோதனை/நடப்பு/தற்காலிகம்’ இன்னும் ‘/தளம்/பொது/தற்காலிகம்’ என்றே காட்டுகிறது. லிங்க் அறுந்திருந்தால்கூட யாராவது கவனிப்பார்கள். இங்கே அது நன்றாக வேலை செய்கிறது, அசல் தளத்தின் மேல் வேலை செய்கிறது.

‘ஆர்எம் -ஆர்எஃப் /சோதனை’ என்று மொத்தமாக அழித்தால் ஆபத்தில்லை, ‘ஆர்எம்’ லிங்க்கை மட்டும் அழிக்கும், அதன் வழியே உள்ளே போகாது. ஆனால் ‘ஆர்எம் -ஆர்எஃப் /சோதனை/நடப்பு/தற்காலிகம்/*’ என்றால் நட்சத்திரக் குறியை விரிப்பது, நாம் தட்டும் கட்டளையைப் படிக்கும் ஷெல். பாதையின் நடுவில் வரும் லிங்க்கைக் கர்னல் எப்போதும் கடந்துபோகும். விரிந்து வரும் பெயர்கள் எல்லாம் அசல் தளத்தின் கோப்புகள். அழிவதும் அவைதான்.

நகல் எடுக்கும் முன்பே முழுப் பாதை லிங்க்குகளைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்: ‘ஃபைண்ட் /தளம் -டைப் எல் -எல்நேம் '/*'’. நம் மரத்தில் இது 10 வரி தரும். அவற்றில் மரத்துக்குள்ளேயே காட்டுபவற்றைச் சார்புப் பாதையாக மாற்றிவிடலாம். ‘எல்என் -எஸ்ஆர்’ என்றால் அந்த ‘ஆர்’ சார்புப் பாதையைத் தானே கணக்கிடும். இந்த அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான குனூ கோர்யூட்டில்ஸ் 8.16-இலிருந்து இந்த ஆப்ஷன் உண்டு.

மாற்ற உரிமை இல்லாத மரம் என்றால் ஆர்சிங்க்கில் இரண்டு ஆப்ஷன்கள் இருக்கின்றன. ‘--சேஃப்-லிங்க்ஸ்’ மரத்துக்கு வெளியே காட்டும் லிங்க்குகளை நகலெடுக்காமல் விட்டுவிடும். ‘--காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ்’ அவற்றை மட்டும் பொருளாக மாற்றி, உள்ளே காட்டுபவற்றை லிங்க்காக வைக்கும். சோதனை நகலுக்கு இரண்டாவதே பொருத்தம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முழுப் பாதை லிங்க் மரத்துக்குள்ளேயே காட்டினாலும் இரண்டும் அதை வெளியே போவதாகவே எண்ணும்.

நோடு.ஜேஎஸ்-இன் ‘எஃப்எஸ்.சிபி’ இதில் தனி ரகம். லிங்க்கை லிங்க்காகத்தான் எடுக்கும், ஆனால் முன்னிருப்பாகச் சார்புப் பாதையை முழுப் பாதையாகத் திருத்தி எழுதிவிடும். சரியாக இருந்த ‘நடப்பு’ நகலில் அசல் தளத்தைக் காட்டத் தொடங்கும். ‘வெர்பாட்டிம்சிம்லிங்க்ஸ்’ ஆப்ஷனை ‘ட்ரூ’ ஆக்கினால்தான் எழுத்துகள் அப்படியே வரும். இந்த முன்னிருப்பு எதற்காக என்று யோசித்தாலும் மரத்தை நகலெடுக்கிறவருக்குச் சாதகமான காரணம் கிடைப்பது அரிது.

35 பைட் பேக்கப்

இதுவரை மரத்துக்கு உள்ளே இருக்கும் லிங்க்குகள். கட்டளை வரியில் நாமே கொடுக்கும் மூலம் லிங்க்காக இருந்தால் விதி மாறும்.

‘ஆர்சிங்க் -ஏ /தளம்/நடப்பு /பேக்கப்/’ என்று ஓட்டினால் பேக்கப்பில் வந்து சேர்வது 35 பைட் கொண்ட ஒரு லிங்க். நிரல் எதுவும் வராது. வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடியும், வெற்றிக் குறியும் வரும். ‘/தளம்/நடப்பு/’ என்று கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் கர்னல் லிங்க்கைக் கடந்து கோப்புறைக்குள் போயே தீர வேண்டும், 200 எம்பியும் வரும். ‘சிபி -ஏ’வும் இப்படித்தான். ‘சிபி -ஏ நடப்பு/. இலக்கு/’ என்று புள்ளியோடு எழுதுவது குழப்பமில்லாத வழி, அல்லது பேரெழுத்து ‘எச்’ சேர்க்கலாம். அது கட்டளை வரியில் வரும் லிங்க் வழியே மட்டும் போகும், மரத்துக்குள் உள்ளவற்றைத் தொடாது.

பாஷ் ஷெல்லில் டேப் விசையை ஒரு முறை தட்டினால் கோப்புறையைக் காட்டும் லிங்க்குக்குப் பின் சாய்கோடு வராது, மறுபடி தட்டினால் வரும். பேக்கப்பின் பொருள் ஒரு விசைத் தட்டலில் தொங்குகிறது. ஸ்கிரிப்ட்டில் எழுதும்போது மூலப் பாதையை முதலில், லிங்க்குகளைக் கடந்து உண்மைப் பாதையைத் தரும் ‘ரியல்பாத்’ வழியாகத் தீர்த்து எடுத்துக்கொண்டால் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

குனூ ‘சிபி’யில் ‘-ஆர்’ இல்லாமல் தனிக் கோப்பை நகலெடுத்தால் லிங்க் வழியே போகும், ‘-ஆர்’ சேர்த்தால் போகாது. பேரெழுத்து ‘எல்’ எல்லா லிங்க் வழியும் போகும், பேரெழுத்து ‘பி’ எதன் வழியும் போகாது. ‘எஸ்சிபி -ஆர்’ வழியில் காணும் லிங்க் எல்லாவற்றுக்குள்ளும் போகும், 43 ஜிபி கதையை வலைப்பின்னல் வழியாக நடத்தும். கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் ‘டார்’ லிங்க்காகச் சேமிக்கும், ‘-எச்’ தந்தால் பொருளாக. ‘ஜிப்’ அதற்கு நேர் எதிர், ‘-ஒய்’ தந்தால்தான் லிங்க்காக. ‘ஆர்சிங்க் -ஆர்’ என்று மட்டும் எழுதி ‘-எல்’ விட்டுப்போனால் லிங்க்குகளை ஒரு வரிச் செய்தியோடு தாண்டிப் போய்விடும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முயல்வது வீண் வேலை. எந்தக் கட்டளையாக இருந்தாலும் வேண்டியதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

சுழலும் லிங்க்

‘பொது’ கோப்புறைக்குள் யாரோ ‘மேல்’ என்ற பெயரில், ஒரு படி மேலுள்ள கோப்புறையான ‘..’ஐக் காட்டும் லிங்க் ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? லிங்க் வழியே போகும் நகல் ‘பொது/மேல்/பொது/மேல்/...’ என்று இறங்கிக்கொண்டே போகும். லினக்ஸ் கர்னல் ஒரு பாதையைத் தீர்க்கும்போது 40 லிங்க்குகள்வரைதான் கடக்கும், அதற்கு மேல் ‘ஈலூப்’ பிழை. காப்பிட்ரீ அந்தச் சுவரில் முட்டும்வரை மரத்தை மடங்கு மடங்காக எழுதும். நம் மரத்தில் ஒவ்வொரு சுற்றும் வெளியீடுகளின் லிங்க்குகளோடு கிளைவிடுவதால் 40-ஆம் படிக்கு முன்பே வட்டு நிரம்பிவிடும். ஒரே கோப்புறையில் இப்படி இரண்டு லிங்க்குகள் இருந்தால் ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். ஈலூப் எல்லையை நம்பிச் சுழலைக் கவனிக்காமல் விடும் நிரல் தவறு. வந்த வழியில் உள்ள கோப்புறைகளின் சாதன எண், ஐநோடு எண் இரண்டையும் அடுக்கி வைத்து, மறுபடி அதே இணை வந்தால் நிறுத்த வேண்டும். குனூ ‘சிபி’ இப்படிச் சுழலைக் கண்டுகொண்டு நகலெடுக்க மறுக்கும்.

அறுந்த லிங்க்கில் காப்பிட்ரீ மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிழைகளைச் சேர்த்துக் கடைசியில் ஒரே விதிவிலக்காக எறியும். அதை அமுக்க ‘இக்னோர்_டேங்லிங்_சிம்லிங்க்ஸ்’ என்ற அளவுரு உண்டு. பைத்தான் 3.8-இன் மூலநிரலைப் பார்த்தால் இதில் ஒரு கண்ணி தெரியும்: லிங்க்குக்குள் இருக்கும் எழுத்துகளை அப்படியே எடுத்து இருக்கிறதா என்று சோதிக்கிறது. சார்புப் பாதை என்றால் அது லிங்க் இருக்கும் இடத்திலிருந்து படிக்கப்படாமல், நிரல் ஓடும் கோப்புறையிலிருந்து படிக்கப்படுகிறது. நல்ல லிங்க்கும் அறுந்ததாக எண்ணப்பட்டுச் சத்தமில்லாமல் விடுபடலாம். எழுத்துகள் ஒன்றுதான், படிக்கும் இடம்தான் மாறிவிட்டது.

இலக்கில் லிங்க் இருந்தால்

மூலத்தைப் பற்றி யோசிப்பவர்கள் பலர் இலக்கை மறந்துவிடுகிறார்கள். ‘சிபி புது_அமைப்பு /தளம்/நடப்பு/அமைப்பு’ என்று ஓட்டினால், இலக்கு லிங்க் என்பதால் அதன் வழியே போய் ‘/தளம்/பொது/அமைப்பு’ கோப்பையே காலியாக்கி எழுதும். ஐந்து வெளியீடுகளுக்கும் அமைப்பு மாறிவிட்டது. ‘--ரிமூவ்-டெஸ்டினேஷன்’ சேர்த்தால் லிங்க்கை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தனிக் கோப்பாக வைக்கும். இலக்கு லிங்க் அறுந்திருந்தால் குனூ ‘சிபி’ எழுதவே மறுக்கும்.

கோப்பின் உரையைத் திருத்தும் ‘செட் -ஐ’ நேர் எதிர். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதால் லிங்க் போய்த் தனிக் கோப்பு வந்துவிடும், ‘பொது’வில் உள்ளது மாறாது. ‘--ஃபாலோ-சிம்லிங்க்ஸ்’ கொடுத்தால்தான் உண்மையான கோப்பைத் திருத்தும். ஒரே லிங்க்கை ஒருவர் ‘சிபி’யாலும் இன்னொருவர் ‘செட்’டாலும் திருத்தினால், எந்த வெளியீடு எந்த அமைப்பில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

‘ஆர்சிங்க் -ஏ’யில் மூலத்தில் கோப்புறையும் இலக்கில் அதே பெயரில் லிங்க்கும் இருந்தால், லிங்க்கை அழித்துக் கோப்புறையை வைக்கும். வீங்கிய பேக்கப்பை நல்ல மரத்தின் மேல் மீட்டெடுத்தால் நல்ல லிங்க்குகளும் இப்படித்தான் போகும். பேரெழுத்து ‘கே’ ஆப்ஷன் இலக்கில் உள்ள லிங்க்கை வைத்துக்கொண்டு, அதன் வழியே உள்ளே எழுதச் சொல்லும்.

இலக்கு லிங்க் மூலக் கோப்பையே காட்டினால்? கையால் எழுதிய நகல் நிரல் இலக்கைக் காலியாக்கித் திறந்த நொடியில் மூலம் 0 பைட் ஆகிவிடும். ‘சிபி’யும் ஷூட்டிலும் இரண்டும் ஒரே கோப்பா என்று முன்பே சரிபார்த்துப் பிழை சொல்கின்றன. சொந்தமாக எழுதுபவரும் சரிபார்க்க வேண்டும்.

நாமே நகலெடுப்பான் எழுதினால்

முதல் படி, ஒவ்வொரு பெயருக்கும் ‘ஸ்டாட்’ அல்ல ‘எல்ஸ்டாட்’. ஸ்டாட் லிங்க் வழியே போய்விடும், லிங்க் இருந்ததே தெரியாது. லிங்க் என்றால் அதன் எழுத்துகளைப் படிக்க ‘ரீட்லிங்க்’. சி மொழியில் இந்த அழைப்பு கடைசியில் முடிவைக் குறிக்கும் பூஜ்ய பைட் வைக்காது, இடம் போதாவிட்டால் சொல்லாமல் வெட்டிவிடும். எல்ஸ்டாட் தந்த அளவை நம்பி இடம் ஒதுக்குவதும் போதாது, கர்னல் தன் விவரங்களைக் காட்டும் ‘/ப்ராக்’கில் உள்ள சில லிங்க்குகள் அளவை 0 என்றே காட்டும். திரும்பிய நீளம் ஒதுக்கிய இடத்துக்குச் சமமாக இருந்தால் இடத்தை இரட்டித்து மறுபடி படிக்க வேண்டும்.

எழுதும்போது, இலக்குப் பெயர் ஏற்கெனவே இருந்தால் சிம்லிங்க் அழைப்பு தோற்கும். பக்கத்தில் தற்காலிகப் பெயரில் உருவாக்கி ‘ரீநேம்’ செய்வது சரியான வழி. ரீநேம் லிங்க்கைத்தான் மாற்றும், லிங்க் காட்டும் பொருளை அல்ல.

பிறகு உரிமையும் நேரமும். உரிமையாளரை மாற்றும் ‘சோன்’ லிங்க் வழியே போகும், ‘எல்சோன்’ போகாது. நேரத்துக்கு ‘யூடைம்என்ஸ்அட்’ அழைப்பில் லிங்க்கைத் தொடராதே என்ற குறி சேர்க்க வேண்டும். அனுமதியில் கை வைக்கவே கூடாது. லினக்ஸில் லிங்க்கின் அனுமதி எப்போதும் 0777 என்று தெரியும், அதற்குப் பொருளும் கிடையாது. ஆனால் அந்த 0777-ஐ எல்ஸ்டாட்டில் எடுத்து நகலின் மேல் அனுமதியை மாற்றும் ‘சிமோட்’ ஓட்டினால் அது லிங்க் வழியே போய், உரிமையாளர் மட்டும் படித்து எழுதும் 0600-ஆக இருந்த அமைப்புக் கோப்பை உலகமே எழுதலாம் என்று திறந்துவிடும். கடவுச்சொல் இருக்கும் கோப்பு அது என்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

ஜாவாவில் சறுக்கும் இடம் வேறு. மரத்தைச் சுற்றிவரும் ‘வாக்ஃபைல்ட்ரீ’ முன்னிருப்பாக லிங்க் வழியே போகாது, கோப்புறையைக் காட்டும் லிங்க்கைக் கோப்பு என்று கையில் கொடுக்கும். அதை ‘ஃபைல்ஸ்.காப்பி’யிடம் கொடுத்தால் அது லிங்க் வழியே போய், பொருள் கோப்புறை என்று கண்டு, ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கும். பிழை வராது. நகலில் ‘பதிவேற்றங்கள்’ இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ‘நோஃபாலோ_லிங்க்ஸ்’ ஆப்ஷனை ஃபைல்ஸ்.காப்பிக்கும் தர வேண்டும். கோ மொழியின் ‘ஓஎஸ்.காப்பிஎஃப்எஸ்’ 1.23-இல் வந்தபோது லிங்க்கைக் கண்டால் பிழை தந்தது, 1.25-இல்தான் லிங்க்காக எடுக்கத் தொடங்கியது. தெரியாததைப் பிழை என்று சொன்ன அந்த முதல் நிலை, ஜாவாவின் காலிக் கோப்புறையைவிட நேர்மையானது.

ரூட் எனும் முழு நிர்வாக உரிமையில் ஓடும் நகலெடுப்பான், மற்றவர் எழுதக்கூடிய கோப்புறையிலிருந்து எடுத்தால் இன்னொரு சிக்கல். எல்ஸ்டாட் ‘சாதாரணக் கோப்பு’ என்று சொன்ன பிறகு, திறப்பதற்கு முன் அந்த இடைவெளியில் ஒருவர் கோப்பை நீக்கி, கடவுச்சொல் விவரங்கள் உள்ள ‘/எட்சி/ஷேடோ’வைக் காட்டும் லிங்க்கை வைக்கலாம். திறக்கும்போது ‘ஓ_நோஃபாலோ’ கொடுத்தால் கடைசிப் பெயர் லிங்க்காக இருந்தால் திறப்பு தோற்கும். நடுவில் உள்ள கோப்புறைப் பெயர்களை அது காக்காது. லினக்ஸ் 5.6-இல் வந்த ‘ஓப்பன்அட்2’ அழைப்பில் ‘ரிசால்வ்_பினீத்’ குறி முழுப் பாதையையும் ஒரு கோப்புறைக்குள் கட்டிவைக்கும். பிறர் தந்த டார் கோப்பை விரிக்கும்போதும் இதே வகை ஆபத்து உண்டு: முதலில் வெளியே காட்டும் லிங்க், அடுத்து அந்த லிங்க் பெயருக்கு உள்ளே ஒரு கோப்பு. பைத்தான் 3.12-இல் டார்ஃபைலுக்கு ‘ஃபில்டர்’ அளவுரு வந்தது, அதில் ‘டேட்டா’ என்று கொடுத்தால் வெளியே காட்டும் லிங்க்குகளை மறுக்கும். 3.14-இல் அதுவே முன்னிருப்பு.

விண்டோஸில் கோப்பு லிங்க்கும் கோப்புறை லிங்க்கும் வேறு வேறு வகை, உருவாக்கும்போதே சொல்ல வேண்டும். உருவாக்கச் சிறப்பு உரிமை அல்லது டெவலப்பர் மோடு தேவை. நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், அந்த உரிமை இல்லாத இடத்தில் லிங்க்கைப் பாதை எழுதிய சிறு உரைக்கோப்பாக வைத்துவிடும், அந்த மரத்தை நகலெடுத்து லினக்ஸுக்குக் கொண்டுபோனால் 35 பைட் உரைக்கோப்பாகவே இருக்கும். எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் சிம்லிங்க்கே கிடையாது. அதில் பேக்கப் எடுக்க வேண்டுமென்றால் டார் கோப்பாகக் கட்டித்தான் வைக்க வேண்டும்.

சரிபார்ப்பும் பழுதான மரத்தைத் திருத்துவதும்

கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுவது போதாது. மூலத்திலும் நகலிலும் அந்தந்தக் கோப்புறைக்குள் நின்று ‘ஃபைண்ட் . -டைப் எல் -பிரிண்ட்எஃப்’ கொண்டு லிங்க்கின் பெயரையும் உள்ளே இருக்கும் பாதையையும் ஒரே வரியில் எடுத்து, வரிசைப்படுத்தி, இரண்டையும் ‘டிஃப்’ செய்து ஒப்பிட வேண்டும். பேக்கப் என்றால் வித்தியாசமே வரக்கூடாது. பின் நகலில் ‘-எக்ஸ்டைப் எல்’ ஓட்டினால் அறுந்தவை மட்டும் வரும். அந்த லிங்க் பட்டியலைப் பேக்கப்போடு ஒரு சிறு உரைக்கோப்பாகச் சேர்த்து வைத்துவிட்டால், நகலெடுப்பான் எவ்வளவு சொதப்பினாலும் 16 உறவுகளையும் திரும்பக் கட்டலாம்.

ஏற்கெனவே கோப்புறைகளாகிவிட்ட மரத்தைத் திருத்த வரிசை முக்கியம். முதலில் பயன்பாட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திருத்தும்போதே படங்கள் தவறான இடத்தில் விழும். ‘நடப்பு’ உட்பட ஒவ்வொரு வெளியீட்டின் ‘பதிவேற்றங்கள்’ கோப்புறையையும் ‘ஆர்சிங்க் -ஏ --இக்னோர்-எக்சிஸ்டிங்’ கொண்டு ‘பொது/பதிவேற்றங்கள்’ உள்ளே சேர்க்க வேண்டும், ‘நடப்பு’வை முதலில். மீட்டெடுத்த பிறகு எழுதப்பட்டது அதற்குள்தான், ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் சேர்ந்ததே நிற்கும். மீட்டெடுப்புக்குப் பின் பழைய படம் ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம் என்றால் ‘நடப்பு’வுக்கு மட்டும் ‘--இக்னோர்-எக்சிஸ்டிங்’ விட்டு ‘--அப்டேட்’ போட வேண்டும். அமைப்புக் கோப்புகளை டிஃப் செய்து கையால் ஒன்றாக்க வேண்டும். அதன் பிறகு கோப்புறைகளை அழிக்காமல் ‘.பழையது’ என்று பெயர் மாற்றி, அந்த இடங்களில் சார்புப் பாதை லிங்க்குகளை வைத்து, ‘நடப்பு’வையும் லிங்க்காக்கி, பயன்பாட்டைத் தொடங்கி, ஒரு படத்தை ஏற்றி அது ‘பொது’வில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘.பழையது’ கோப்புறைகளை அழிப்பது அடுத்த பேக்கப்பின் லிங்க் பட்டியல் 16 வரிகளோடு வந்த பிறகு.